22 மாசமா பதிலே இல்ல, கேனடா பிஆர் ஃபைல வாபஸ் வாங்கிடலாமா?

கேள்வி, குன்னூர்லேர்ந்து
2023 நவம்பர் 6

அக்கா, என் வீட்டுக்காரி ஒன்டாரியோல நர்ஸ், அவளுக்கு பிஆர், அதாவது அங்கேயே நிரந்தரமா தங்குற அனுமதி, இருக்கு. எனக்கு ஸ்பான்சர் போட்டு 22 மாசம் ஆச்சு. கேனடா குடிவரவு ஆபீஸ் வெப்ஃபார்ம்ல நாலு தடவ கேட்டாச்சு, நாலு தடவையும் "பரிசீலனைல இருக்கு"ன்னு ஒரே பதில். ஏஜென்ட் முதல்ல பொறுங்க பொறுங்கன்னாரு, இப்ப 45,000 கட்டுனா அங்க கோர்ட்ல போட்டு தள்ளி விடுறேங்குறாரு. கட்டலாமா, இல்ல எல்லாத்தையும் வாபஸ் வாங்கிட்டு புதுசா போடலாமா? தேயிலைக் கொழுந்து விக்கிற வெலைல 45,000ங்குறது எங்களுக்கு சின்ன காசு இல்ல.

6 நவம்பர், ராத்திரி

கட்டாதீங்க தம்பி. வாபஸும் வாங்காதீங்க. வாங்குனா வரிசைல கடைசில போய் நிப்பீங்க, 22 மாசமும் தண்ணில போகும்.

முதல்ல ஃபைலுக்குள்ள என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. ஒவ்வொரு ஃபைலுக்கும் அவங்க கம்ப்யூட்டர்ல குறிப்பு இருக்கும், ஜிசிஎம்எஸ் நோட்ஸ்னு பேரு. யாரு என்னைக்கு திறந்து பாத்தாங்க, என்ன சந்தேகம், எது பாக்கி, எல்லாம் அதுல கிடக்கும். கேனடாவோட தகவல் அறியும் சட்டத்துல கேட்டா குடுத்தாகணும், ஃபீஸ் 5 டாலர். இன்னைக்கே போடுங்க.

எனக்கு 2022ல ரெஃப்யூஸ் ஆச்சு. இந்த 5 டாலர அதுக்கு முன்னாடியே கட்டியிருந்தா என் வாழ்க்கைல ஒன்னே முக்கால் வருஷம் மிச்சமாயிருக்கும். அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

7 நவம்பர்

நேத்து எழுதுனதுல ஒரு திருத்தம். அந்த மனுவ நீங்க இங்கேர்ந்து போட முடியாது. கேனடா சிட்டிசனோ பிஆரோ, இல்ல அந்த நாட்டுக்குள்ள இருக்கிறவங்களோதான் போடலாம். உங்க வீட்டுக்காரம்மா போடட்டும், நீங்க ஐஎம்எம் 5744 சம்மத ஃபாரத்துல கையெழுத்து போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. கையெழுத்து பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே போடுங்க. தமிழ்ல போட்டிருந்தா தமிழ்லயே போடுங்க.

இன்னொன்னு, காசு வாங்கிட்டு கேனடா கேஸ் பாக்குறதுக்கு அங்க லைசென்ஸ் வேணும். வக்கீலா இருக்கணும், இல்ல அங்க பதிவு பண்ண கன்சல்டன்டா இருக்கணும். உங்க ஆளோட பேரு அந்தப் பதிவுல இருக்கான்னு நெட்லயே தேடிப் பாக்கலாம், ஒரு நிமிஷ வேலை.

19 நவம்பர்

மழை, மேட்டுப்பாளையம் ரோட்டுல மரம் விழுந்து பஸ் இல்ல, கடைல ஆளே இல்ல. அதனால என் கதைய எழுதிடுறேன். கோத்தகிரில டைப்பிங், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஊர்ல இருக்கிறவங்க ஃபாரமெல்லாம் நான்தான் நிரப்புறேன். பேரு, அப்பா பேரு, இனிஷியல், ஒரு சர்டிபிகேட்ல ள ஒரு சர்டிபிகேட்ல ல, இதையே நாள் பூரா பாக்குறவ. அப்படியும் என் ஃபைல நான் ஏஜென்ட்கிட்ட குடுத்தேன். இங்கிலீஷ் ஃபாரம், வெளிநாட்டு சமாச்சாரம்னு பயம்.

எங்களுக்கு கல்யாணம் 2020 பிப்ரவரி 2. அவர் கேனடால ஸ்கார்பரோலேர்ந்து லீவுல வந்தாரு. மண்டபமெல்லாம் இல்ல, எஸ்டேட் முருகன் கோயில்ல தாலி கட்டி தோட்டத்து லைன் வீட்டு வாசல்ல பந்தி. நாப்பது பேரு இருந்திருப்போம். போட்டோ எடுத்தது அவரோட சித்தப்பா மகன், மொபைல்ல. மார்ச் கடைசில அவருக்கு டிக்கெட். 24ஆம் தேதி ராத்திரி ஊரடங்குன்னு சொல்லிட்டாங்க, ஃப்ளைட் எல்லாம் நின்னுச்சு. ஜூலை வரைக்கும் அவர் எங்க லைன் வீட்டுலதான். ரெண்டு ரூம், நாங்க ரெண்டு பேரு, அம்மா, பாட்டி. அப்பதான் அவர் கொழுந்து எடுக்கவே கத்துக்கிட்டாரு, பாட்டி சொல்லிக் குடுத்தாங்க, ரெண்டு இலை ஒரு மொட்டு. ரிஜிஸ்டர் ஆபீஸ் திறந்து கூட்டம் குறைஞ்சப்புறம் ஜூன்ல போய் லேட் ஃபீஸ் கட்டி கல்யாணத்த பதிவு பண்ணோம். ஜூலைல ஸ்பெஷல் ஃப்ளைட்ல போனாரு.

அதே வருஷம் நவம்பர்ல எனக்கு அப்ளை பண்ணோம். 2022 மார்ச்ல ஒரு லெட்டர், உங்க கல்யாணம் உண்மையானதான்னு எங்களுக்கு சந்தேகம், 30 நாள்ல பதில் சொல்லுங்கன்னு. அதுக்கு ப்ரொசீஜரல் ஃபேர்னஸ் லெட்டர்னு பேரு. ஏஜென்ட் ஒரு பக்கத்துல பதில் எழுதுனாரு, "இவங்க ஒருத்தர ஒருத்தர் உயிரா நேசிக்கிறாங்க, இந்தியப் பண்பாட்டுல கல்யாணம் புனிதமானது". ஆகஸ்ட்ல ரெஃப்யூசல்.

அப்புறம்தான் நோட்ஸ் எடுத்தோம். ஆபீசர் எழுதியிருந்தது மூணே மூணு விஷயம். கல்யாணத்துக்கும் பதிவுக்கும் நடுவுல நாலு மாசம், விளக்கம் இல்ல. போட்டோ 14, எல்லாம் ஒரே நாள், ஒரே புடவை. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேந்து வாழ்ந்ததுக்கு ஆதாரம் ஒன்னும் இல்ல.

அஞ்சு மாசம் ஒரே கூரைக்கு கீழ இருந்திருக்கோம். ஃபைல்ல அதப் பத்தி ஒரு வரி இல்ல. ஏன் எழுதலன்னு ஏஜென்டுகிட்ட கேட்டேன், "அதுக்கு பேப்பர் இல்லையேம்மா"ன்னாரு.

19 நவம்பர், இன்னும் கொஞ்சம்

பேப்பர் இருந்துச்சு தம்பி. அவர் பாஸ்போர்ட்லயே இருந்துச்சு. ஜனவரில இறங்குன முத்திரை, ஜூலைல கிளம்புன முத்திரை. கேன்சல் ஆன மார்ச் டிக்கெட். அவர் மே மாசம் இங்க ஊர் ஆஸ்பத்திரில பல்லு புடுங்குன சீட்டு, அதுல விலாசம்னு எங்க லைன் நம்பரு. அவர் கம்பெனிக்கு அனுப்பின மெயில், இந்தியால மாட்டிக்கிட்டேன்னு. பக்கத்து வீட்டு பெரியம்மா எழுதிக் குடுத்த லெட்டர். பேப்பர் இல்லன்னு சொன்னவரு தேடவே இல்ல, நாங்களும் அவர நம்பி தேடல.

அதனால உங்க லெட்டர் எப்பவாவது வந்தா, அவங்க எழுதியிருக்கிற சந்தேகத்த ஒன்னொன்னா எடுத்து அதுக்கு நேரா பதில் எழுதுங்க. பண்பாடு பாசம்னு எழுதாதீங்க. நாலு மாசம் ஏன்னு கேட்டா மார்ச் 24 ஊரடங்குன்னு எழுதுங்க. நமக்கு ஊருக்கே தெரிஞ்ச விஷயம், உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம்னு தோணும். ஃபைல் பாக்குறவர் தேதிய மட்டும்தான் பாக்குறாரு, அத ஊரடங்கோட சேத்துப் பாக்க மாட்டாரு.

3 டிசம்பர்

நீங்க அப்பீல் பத்தி கேட்டிருந்தீங்க. ரெஃப்யூஸ் ஆனா 30 நாளுக்குள்ள ஐஏடிங்குற குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுல போடணும். அத ஸ்பான்சர்தான் போடணும், நீங்க இல்ல. நாள் கணக்கு காரணத்தோட வந்த லெட்டர் கைக்கு கிடைச்ச நாள்லேர்ந்து. அங்க புது ஆதாரமும் குடுக்கலாம், ஆபீசர் பாத்த பேப்பரோட நிக்காது. எங்களுக்கும் இப்ப நம்பிக்கை அதுதான்.

ஆனா கவனிங்க, இது வெளிநாட்டுலேர்ந்து போடுற ஃபைலுக்கு. கேனடாவுக்குள்ளயே இருந்துக்கிட்டு அந்த உள்நாட்டு வகைல போட்டவங்களுக்கு ஐஏடி கிடையாது, ஃபெடரல் கோர்ட்தான், அதுக்கும் 15 நாள்தான் டைம். சீக்கிரம் சேந்துடலாம்னு விசிட்டர் விசால போய் அங்கேயே போட நினைக்கிறவங்க இதத் தெரிஞ்சுக்கிட்டு போடுங்க. என் தோழி ஒருத்தி தெரியாம போட்டு ரெஃப்யூஸ் ஆகி, 15 நாள்ல வக்கீல் தேட முடியாம முழிச்சா.

8 டிசம்பர்

ஏஜென்ட் சொன்ன "கோர்ட்ல தள்ளுறது" சுத்த பொய் இல்ல. அதையும் நேர்மையா சொல்லணும். மேண்டமஸ்னு ஒன்னு இருக்கு. முடிவே எடுக்காம இழுக்கிற ஆபீஸ, முடிவெடுன்னு ஃபெடரல் கோர்ட் உத்தரவு போடுறது. "பிஆர் குடு"ன்னு கோர்ட் சொல்லாது, "ஏதோ ஒன்னு சொல்லு"ன்னுதான் சொல்லும். கோர்ட் ஃபீஸ் 50 டாலர், பெரிய செலவு வக்கீலுக்குத்தான். 1990கள் கடைசில கொனில்னு ஒருத்தர் வழக்குல சொன்ன அளவுகோல இன்னும் வச்சு பாக்குறாங்க. அந்த வேலை ஆகுற இயல்பான நேரத்த விட ஜாஸ்தி இழுத்திருக்கணும், அந்த இழுப்புக்கு அப்ளை பண்ணவர் காரணமா இருக்கக்கூடாது, ஆபீஸ் பக்கம் ஒழுங்கான விளக்கம் இருக்கக்கூடாது.

ரெண்டாவது பாயின்ட படிங்க. உங்க பக்கம் ஏதாவது பாக்கி இருந்தா கோர்ட்ல நிக்காது. அது நோட்ஸ் பாத்தாதான் தெரியும். சுத்தி சுத்தி அந்த 5 டாலருக்கே வருவேன், கோச்சுக்காதீங்க.

26 டிசம்பர்

காலைல புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி. பாட்டி அடுப்புக்கிட்ட உக்காந்து தகர டப்பாவ திறந்து வச்சிருந்தாங்க. பிஸ்கட் டப்பா, மூடில ராணி படம் தேஞ்சு போச்சு. அதுக்குள்ள ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கேம்ப்ல குடுத்த குடும்ப அட்டை, தாத்தாவோட பாஸ்போர்ட், கண்டி இந்தியன் ஆபீஸ்லேர்ந்து வந்த நாலு லெட்டர்.

தாத்தா நுவரெலியா பக்கம் எஸ்டேட்ல பொறந்தவரு. 1948ல சிலோன்ல வந்த குடியுரிமைச் சட்டத்துல மலைத்தோட்டத் தமிழர்ல பெரும்பாலானவங்க நாடு இல்லாதவங்க ஆயிட்டாங்க. 1964 அக்டோபர்ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேருல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேர சிலோன் எடுத்துக்கும், மிச்சம் 1,50,000 பேர அப்புறம் பாத்துக்கலாம். அந்த அப்புறம் 1974ல வந்துச்சு, ஆளுக்கு 75,000. பாட்டி ஒவ்வொரு தடவையும் கேக்குறது ஒன்னுதான், "எங்கள எண்ணுனாங்களே, எங்கள கேட்டாங்களா?"

தாத்தா கண்டிக்கு அப்ளை பண்ணி வருஷக்கணக்கா காத்திருந்தாரு. ரெண்டாவது லெட்டர்ல பேரு வேற மாதிரி, மூணாவதுல பாட்டி பேரே இல்ல. அதுக்காக கண்டிக்கு நடையா நடந்திருக்காரு, ஒரு நாள் வேலைக்கு போகலன்னா அன்னைக்கு பேர் விழாது, கூலி இல்ல. 1977ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம், அங்கேர்ந்து இங்க. தாயகம் திரும்புனவங்களுக்காகவே 1968ல அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சது, அதுதான் 1976ல டான்டீங்குற அரசு கம்பெனி ஆச்சு. ஊர்ல எங்கள இன்னும் சிலோன்காரங்கன்னுதான் சொல்றாங்க.

பெரிய தாத்தா அங்கேயே இருக்கேன்னு சிலோன் குடியுரிமைக்கு எழுதுனாரு. மறுத்துட்டாங்க. திரும்ப எழுதுனாரு. மிச்சம் இருந்தவங்களுக்கெல்லாம் இலங்கை சட்டம் போட்டுக் குடுத்தது 2003ல. அவர் அதப் பாக்கல.

இத ஏன் இங்க எழுதுறேன்னா, போன வருஷம் ரெஃப்யூசல் வந்த அன்னைக்கு நான் அழுதுட்டு எல்லாத்தையும் விட்டுடலாம்னு இருந்தேன். பாட்டி அந்த நாலு லெட்டரையும் எடுத்துக் காட்டுனாங்க. ஒவ்வொன்னுக்கு பின்னாடியும் தாத்தா பென்சில்ல எழுதியிருக்காரு, என்னைக்கு வந்துச்சு, என்னைக்கு பதில் போட்டேன், எந்த ஐயாகிட்ட குடுத்தேன்னு. எழுதப் படிக்க மூணாவது வரைக்கும் படிச்ச மனுசன். அன்னைக்கே நான் ஒரு நோட்டு போட்டேன்.

2024 ஜனவரி 14

பொங்கல் வாழ்த்து. இன்னைக்கு எழுதக் காரணம் வேற. எங்க அப்பீல் ஜெயிச்சாச்சு! முந்தாநாள் அவருக்கு முடிவு வந்துச்சு.

விசாரணை அக்டோபர்ல நடந்துச்சு, கம்ப்யூட்டர்லதான். அங்க காலைல ஒன்பது, இங்க சாயங்காலம் ஆறரை. கரன்ட் போயிடுமோன்னு கடைல யுபிஎஸ் வச்சு உக்காந்திருந்தேன். மொழிபெயர்க்க ஒரு அம்மா, யாழ்ப்பாணத் தமிழ், ரொம்ப மரியாதையா பேசுனாங்க. ஊரடங்குல எங்க இருந்தீங்கன்னு கேட்டதுக்கு "அஞ்சு மாசமும் லைன்லதான் இருந்தோம்"னேன். அவங்க அத வரிசைல நின்னோம்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டாங்க. கேட்டுக்கிட்டிருந்த அதிகாரி புருவத்த தூக்குனாரு. எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும், உடனே கைய தூக்கி, லைன்னா வீடுங்கய்யா, தோட்டத்து வீடுன்னேன். அந்த அம்மாவும் "ஓ, லயம்!"னாங்க. எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சாலும் எனக்கு உள்ள நடுங்குச்சு, கவனிக்காம விட்டிருந்தா அந்த அஞ்சு மாசம் மறுபடியும் காத்துல போயிருக்கும். உங்களுக்கு இது வந்தா, மொழிபெயர்ப்புல தப்பு கேட்டா அந்த நிமிஷமே நிறுத்தி சொல்லுங்க. மரியாதைக் குறைவு ஒன்னும் இல்ல.

2 பிப்ரவரி

ஜெயிச்சா முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன். இல்லையாம். ஃபைல் திரும்ப விசா ஆபீசுக்கே போகுது, மிச்சத்த அங்கேர்ந்து தொடருவாங்க. மெடிக்கல் 12 மாசம்தான் செல்லும், அதனால திரும்ப. போலீஸ் சர்டிபிகேட்டும் திரும்ப. பயோமெட்ரிக் மட்டும் பத்து வருஷம் செல்லும், அது ஒன்னு மிச்சம்.

தம்பி, உங்க நோட்ஸ் இன்னுமா வரல? 30 நாள்ல வரணும். அம்மணிய ரிமைண்டர் போடச் சொல்லுங்க.

11 மார்ச்

நோட்ஸ் வந்துச்சுன்னு அனுப்பியிருந்தீங்க. படிச்சேன், ரெண்டு தடவ. படிச்சுட்டு கடைய சாத்திட்டு கொஞ்ச நேரம் நடந்துட்டு வந்துதான் எழுதுறேன், அவ்வளவு கோவம்.

தகுதி பாஸ் ஆயிருக்கு. கல்யாணத்த பத்தி சந்தேகமே இல்ல. போன வருஷம் ஏப்ரல்லயே ரெண்டு பேப்பர் கேட்டு லெட்டர் போயிருக்கு, புது போலீஸ் சர்டிபிகேட், அப்புறம் எந்த மாசம் என்ன பண்ணீங்கன்னு எழுதுற ஷெட்யூல் ஏ ஃபாரத்துல 2016லேர்ந்து 2017 வரை காலியா இருக்கிற 14 மாசத்துக்கு விளக்கம். அந்த லெட்டர் போனது ஏஜென்டோட ஈமெயிலுக்கு. அவர் உங்ககிட்ட குடுக்கல. ஆகஸ்ட்ல நினைவூட்டலும் போயிருக்கு. ஆபீஸ் பதினோரு மாசமா உங்க பதிலுக்கு காத்திருக்கு, நீங்க இங்க ஆபீஸ் பதிலுக்கு காத்திருக்கீங்க. பதில் வரலன்னு அவங்க ரெஃப்யூஸ் பண்ணாம விட்டது உங்க அதிர்ஷ்டம். இதே நிலைல கோர்ட்டுக்கு போயிருந்தா ரெண்டாவது பாயின்ட்லயே அடிபட்டிருக்கும்.

இன்னைக்கே பண்ண வேண்டியது: ஐஎம்எம் 5476ல அந்த ஆள பிரதிநிதியிலேர்ந்து நீக்குங்க, உங்க சொந்த ஈமெயில் குடுங்க. போலீஸ் சர்டிபிகேட்டுக்கு இன்னைக்கே ஆன்லைன்ல போட்டு கோவைக்கு அப்பாயின்ட்மென்ட் எடுங்க. அது கைக்கு வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க, அப்ளை பண்ண ரசீத வெப்ஃபார்ம்ல ஏத்தி, லெட்டர் எங்களுக்கு கிடைக்கல, நோட்ஸ் பாத்துதான் தெரிஞ்சுது, இத்தனாம் தேதிக்குள்ள குடுக்குறோம்னு எழுதுங்க.

12 மார்ச்

அந்த 14 மாசம் அப்பாவோட ஆஸ்பத்திரிலயும் சொந்த ஒரு ஏக்கர் தேயிலையிலும் போச்சுன்னு சொல்றீங்க, அத அப்படியே எழுதுங்க. "வேலையில்லை"ன்னு எழுதாதீங்க, கொழுந்து எடுத்தது வேலை இல்லையா? ஃபேக்டரில கொழுந்து போட்ட சிட்டை இருக்கான்னு பாருங்க, தேதி, கிலோ எல்லாம் இருக்கும். இல்லாட்டி ஃபேக்டரி கணக்கர் கையெழுத்து. மாசத்த மறைச்சோ மாத்தியோ மட்டும் எழுதிடாதீங்க. தப்பான தகவல்னு முடிவு பண்ணா அஞ்சு வருஷம் தடை. காலியா விட்டது குத்தம் இல்ல, பொய் எழுதுனா குத்தம்.

அந்த ஏஜென்டோட சண்டைக்கு போகணும்னு கேட்டிருந்தீங்க. போங்க, ஆனா ஃபைல சரி பண்ணதுக்கு அப்புறம்.

9 மே

முந்தாநேத்துலேர்ந்து மலைக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ். கீழேர்ந்து போன் மேல போன், பாஸ் எடுத்துத் தர எவ்வளவுன்னு. அது இலவசம், நீங்களே ரெண்டு நிமிஷத்துல எடுக்கலாம்னு சொல்லி சொல்லி தொண்டை வத்துச்சு. கடைக்கு நஷ்டம்தான், பரவால்ல.

போலீஸ் சர்டிபிகேட் எனக்கும் வந்துடுச்சு. உங்களது ஏப்ரல்லயே ஏத்தியாச்சுன்னு பாத்தேன், நல்லது. ஏத்துன ரசீத பிரின்ட் எடுத்து வச்சீங்களா? வைங்க. பின்னாடி தேதி எழுதுங்க.

ரெஃப்யூசலுக்கு முன்னாடியே 5 டாலர் கட்டியிருந்தா வாழ்க்கைல ஒன்னே முக்கால் வருஷம் மிச்சம்னு நவம்பர்ல முதல் நாள் எழுதியிருந்தேன்ல, அத நேத்து உக்காந்து யோசிச்சேன். அது முழுசா சரியில்ல. சந்தேகக் கடிதத்துலயே காரணம் கொஞ்சம் இருந்துச்சு, நான்தான் அத முழுசா படிக்கல, ஏஜென்ட் படிச்சு சொன்னத கேட்டுக்கிட்டேன். நோட்ஸ் எடுக்கிறதுக்கும் முன்னாடி, வர்ற லெட்டர நாமளே கடைசி வரி வரைக்கும் படிக்கணும். இங்கிலீஷ் தெரியலன்னா கடைக்கு கொண்டு வாங்க, யாரா இருந்தாலும் படிச்சு சொல்றேன், அதுக்கு காசு வாங்க மாட்டேன்.

21 ஜூன்

தம்பி போன் பண்ணாரு. விசாவுக்கு பாஸ்போர்ட் அனுப்பச் சொல்லி லெட்டர் வந்துடுச்சாம், இந்த தடவ அவரோட சொந்த ஈமெயிலுக்கு. போன்ல பேசவே முடியல அவரால. அவங்க அம்மா போன வாங்கி "கண்ணு, வர்க்கி வாங்கிட்டு வரோம்"னாங்க.

எனக்கு இன்னும் இல்ல. மெடிக்கலுக்கு நாளைக்கு சென்னை, மேட்டுப்பாளையத்துல நீலகிரி எக்ஸ்பிரஸ், மதியமே இறங்கணும். பாட்டி அந்த தகர டப்பால பாதிய காலி பண்ணி, தாத்தா லெட்டர் ஒரு பக்கம், என் பேப்பர் ஒரு பக்கம் அடுக்கி, நடுவுல அட்டை வச்சுக் குடுத்தாங்க. பேகுல கொள்ளல. கைலயே புடிச்சுட்டுப் போறேன்.